நான்தான் தைத்தேன் என்று சொல்

உமா,

நேற்று உன் வருங்கால மாமியாரிடம் நான் போனில் சொன்ன விஷயம் இந்நேரம் உன் காதுக்கு வந்திருக்கும். போன பௌர்ணமிக்கு அவர்கள் வந்தபோது நீ போட்டிருந்த சுடிதாரைத் தைத்தது எந்த டெய்லரும் இல்லை, என் மகள்தான் என்று சொன்னேன். அப்பா ஏன் இப்படி மானத்தை வாங்கினார் என்று சென்னையில் ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து பொருமிக்கொண்டிருப்பாய். பொருமு. மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுவாய். மீதிப் பாதியில் உன் அம்மா ரிசீவரைப் பிடுங்கிக்கொள்வாள். அதனால்தான் எழுதுகிறேன். கல்யாணம் பண்ணிப் போகிற பெண்ணுக்கு அப்பன் சொல்ல வேண்டியது என்று ஊரில் ஆயிரம் இருக்கிறது. பெரியவர்களை அனுசரித்துப் போ, குரலை உயர்த்தாதே என்பதையெல்லாம் சொல்ல நம் சொந்தக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது தையலைப் பற்றி மட்டும்தான்.

அன்றைக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ மறந்த மாதிரி நடிக்க முடியாதபடி. கிரிவலம் முடித்துவிட்டு விடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மாவும் அக்காவும் நம் வீட்டுக்கு வந்து குளித்து, இட்லி சாப்பிட உட்கார்ந்தார்கள். நீ பொங்கல் லீவில் வந்து என் மெஷினில் தைத்த மாம்பழ நிறச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு சட்னி பரிமாறினாய். காலையில் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். அந்த அம்மா நிமிர்ந்து, "கழுத்து ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு இருக்கேம்மா. எங்க தச்சே?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. நீ கண்ணை இமைக்காமல், "கடையிலதாங்க அத்தை. அந்த டெய்லர் கெடுத்துட்டான்" என்றாய். நான் காபி டபராக்களை ஏந்திக்கொண்டு வாசற்படியில் நின்றேன். அடுத்த நிமிஷம் நீ உள்ளே போய்ப் புடவை கட்டிக்கொண்டு வந்தாய். அவர்கள் பஸ் ஏறிய பிறகு அந்தச் சுடிதார், தரை துடைக்க வைத்திருக்கிற பழந்துணிகளுக்கு நடுவே கிடந்ததை உன் அம்மா எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். அவள் ஒன்றும் பேசவில்லை. உன் அம்மா பேசாமல் இருந்தால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்கே தெரியும்.

இல்லாத ஒரு டெய்லர் மேல் நீ பழியைப் போட்டாய். இருந்த ஒரு டெய்லரைப் பற்றி நான் சொல்கிறேன். நம் ஊர் தனி மாவட்டமான சமயம், எனக்கு இங்கே மாற்றல் வந்து, அடி அண்ணாமலை ரோட்டில் வாடகைக்கு வீடு பிடித்து வந்தோம். என் வலது தோள் உனக்குத் தெரியும். சின்ன வயதில் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மூட்டை ஏற்றிய வண்டியின் உச்சியிலிருந்து விழுந்தேன். எலும்பு கூடியது, கோணலாகக் கூடியது. ஒரு தோள் மேலே, ஒரு தோள் கீழே. எந்தச் சட்டை போட்டாலும் வலது பக்கம் காலர் எழும்பி நிற்கும், கையைத் தூக்கினால் அக்குளில் கிழியும். பஜார் பக்கம் ஒரு டெய்லரிடம் தைக்கக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும், "சார், இந்தப் பக்கம் கொஞ்சம் எறக்கி வெட்டுங்க" என்று சொல்வேன். ஒவ்வொரு தடவையும் அவர் தலையை ஆட்டுவார், எல்லோருக்கும் வெட்டுகிற மாதிரியே வெட்டுவார். ஒரு தீபாவளிக்கு முன்னால் கடை நிறையக் கூட்டம். புதுச் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு, இழுக்கிறதே என்று கேட்டேன். அவர் வாயில் இருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஒடம்பே கோணலா இருந்தா சட்ட எப்டி சார் நேரா வரும்? தப்பு என் கையில இல்ல" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். நான் கூலியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வருகிற வழி முழுக்க அந்தப் பேச்சுத்தான் ஓடியது. வீடு வந்து சேர்வதற்குள் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. துணிதான் என் உடம்புக்கு வர வேண்டும். என் உடம்பு துணிக்குப் போக வேண்டியதில்லை. தப்பு என் தோளில் இருப்பதாக ஒருத்தர் சொல்லி, அதற்கு நான் காசும் கொடுப்பது இதுதான் கடைசி என்று முடிவு பண்ணினேன். நம் வீட்டில் ஒரு தையல் மெஷின் இருந்தது. உன் தாத்தா உன் அம்மாவுக்குக் கல்யாணத்தில் சீராகக் கொடுத்தது. உன் அம்மா அதன் மேல் எம்ப்ராய்டரி போட்ட விரிப்பைப் போட்டு, பிளாஸ்டிக் பூ ஜாடி வைத்திருந்தாள். ஜாடியை எடுத்துக் கீழே வைத்தேன். "என்னாங்க பண்றீங்க?" என்றாள். "சட்டை தைக்கப் போறேன்" என்றேன். உன் அம்மா ஜாடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தூசி தட்டிட்டு ஒக்காருங்க" என்றாள். அவ்வளவுதான் அவள் கொடுத்த அனுமதி.

எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த டெய்லர் தைத்த சட்டையையே பிரித்தேன். துண்டு துண்டாக இஸ்திரி போட்டு, புதுத்துணி மேல் விரித்து, சாக்பீஸில் சுற்றிலும் கோடு போட்டு, கோட்டின் மேலேயே வெட்டினேன். வலது தோளை மட்டும் என் கணக்குக்கு இறக்கி வெட்டினேன். தையல் பிடிக்க ஓரத்தில் துணி விட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. தைத்து முடித்தால் சட்டை உடம்பைக் கவ்விப் பிடித்தது. மிச்சத் துணி கிடையாது. பீரோவில் ஒரு காப்பிக்கொட்டை நிறத் துண்டு கிடந்தது. வான நீலச் சட்டையின் இரண்டு பக்கவாட்டிலும் அதைப் பட்டையாக வைத்துத் தைத்தேன். போட்டுக்கொண்டு வந்து கூடத்தில் நின்றேன். உன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்னா, பட்டையா?" என்றேன். "பட்டைகூடப் பரவால்லங்க. பட்டன் பொம்பளைங்க பக்கம் வச்சிருக்கீங்க" என்றாள். குனிந்து பார்த்தேன். ஆமாம், காஜா போட வேண்டிய பக்கம் பட்டனும், பட்டன் பக்கம் காஜாவும் இருந்தன. ஆனால் உமா, கையைத் தூக்கினேன். முழுசாகத் தூக்கினேன். எங்கேயும் இழுக்கவில்லை, எங்கேயும் கிழியவில்லை. அதற்கு முன்னால் எனக்கு அப்படி ஒரு சட்டை இருந்ததில்லை. மறுநாள் அதைத்தான் ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போனேன்.

ஆபீசில் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. "வீட்டம்மா சட்டைய மாத்திப் போட்டுக்கினு வந்துட்டியாப்பா?" என்றார்கள். டெய்லர் என்று பெயர் வைத்தார்கள். நான் அந்தச் சட்டையை விடாமல் வாரம் தவறாமல் போட்டேன். பெரிய அதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வருவதாக இருந்தபோது எங்கள் சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டு, "யோவ், நாளைக்காவது ஒழுங்கா கடையில தச்ச சட்டை ஒண்ணு போட்டுக்கினு வாய்யா" என்றார். "என்கிட்ட இருக்கறதுல ஒழுங்கா இருக்கற சட்டை இதுதான் சார்" என்றேன். மறுநாள் அதையே போட்டுக்கொண்டு போனேன். அவர் கோபத்தில் என்னைப் பின்னால் பழைய ஃபைல்கள் அடுக்கியிருக்கிற அறைக்குத் தள்ளிவிட்டார், அதிகாரி கண்ணில் படக்கூடாது என்று. மத்தியானம் அந்த அதிகாரி அங்கேயே வந்து நின்றார். ஏதோ பழைய ஃபைல் வேண்டும் என்றார். அது மேல் தட்டில் இருந்தது. நான் கையைத் தூக்கி எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கி, புரட்டி, "தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் பட்டனைப் பார்க்கவே இல்லை. பட்டையையும் பார்க்கவில்லை. எனக்கு ஒரு பக்கம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஒரு சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன், சண்டை போட ஆளே வரவில்லை. சூப்பிரண்டு என்னை மன்னிக்கவில்லை, அது வேறு. டெய்லர் என்ற பெயரும் இன்றுவரை போகவில்லை. அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகும்போது மாலையில் அதை எழுதிப் போட்டாலும் வாங்கிக்கொள்வேன்.

வீட்டுப் பக்கத்திலும் சும்மா விடவில்லை. உன் மாமா கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தவர், நான் மெஷின் மிதிப்பதைப் பார்த்துவிட்டு, "மெஷினு அக்காவுக்குக் குடுத்தது மாமா. உங்களுக்கா குடுத்தோம்?" என்று கேட்டார். உன் அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "எனக்குக் குடுத்ததுதானே? நான் யாருக்கு வேணா குடுப்பேன். நீ கைய கழுவிட்டு சாப்புட வா" என்றாள். அன்றைக்கு உன் அம்மா எனக்காகப் பேசினாள் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால், தன் பொருளுக்காகப் பேசினாள். இரண்டும் நல்லதுதான்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். அப்போது நீ ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாய். உன் பிறந்தநாளுக்கு யானை யானையாகப் போட்ட சிவப்புச் சீட்டித் துணி வாங்கிப் பாவாடை தைத்தேன். எல்லாம் சரியாக வந்தது. இடுப்புப் பட்டி சரி, மடிப்புச் சரி, கீழ் மடக்குச் சரி. உனக்குக் கட்டிவிட்டு எட்டி நின்று பார்த்தால், யானையெல்லாம் தலைகீழாக நின்றன. துணியைத் திருப்பி வைத்து வெட்டியிருக்கிறேன். "என்னாங்க இது, கும்பலா குப்புற விழுந்து கெடக்குதுங்க!" என்று உன் அம்மா கத்தினாள். நான் அவிழ்க்க வந்தேன். நீ பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எனக்கு இதான் வேணும்" என்று அலறிவிட்டு, அதையே கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய். எனக்கு அன்றைக்கு முழுக்க வேலையே ஓடவில்லை. என்னைக் கேலி செய்தால் தாங்குவேன். உன்னைச் செய்தால்? சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் உன் டீச்சர் என்னைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகள் எல்லோரும் உன்னைச் சுற்றி நின்று, யானை தலைகீழா இருக்கு என்று கத்தினார்களாம். நீ அவர்களைப் பார்த்து, குனிந்து உன் பாவாடையைப் பார்த்து, "எனக்கு நேராத்தான் தெரியுது" என்றாயாம். டீச்சருக்குச் சந்தேகம் வந்து உன் பின்னால் வந்து நின்று, உன் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தாராம். "நெஜமாவே நேராத்தான் சார் இருக்கு" என்றார். கட்டிக்கொண்டிருப்பவள் குனிந்து பார்த்தால் யானைகள் நான்கு காலில் நின்றன. நீ பொய் சொல்லவில்லை. உனக்கு எது தெரிந்ததோ அதைச் சொன்னாய்.

எல்லாத் தப்பையும் போட்டுக்கொண்டு திரிய வேண்டும் என்று நான் சொல்வதாக நினைத்துக்கொள்ளாதே. அது வீம்பு. எனக்கு வீம்பு உண்டு, ஆனால் அது வேறு கணக்கு. ஒரு தடவை முன்பக்கத் துண்டு இரண்டையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டேன். இரண்டுமே இடது மார்பு. அதை எந்தச் சாமி வந்தாலும் சட்டையாக்க முடியாது. தலையணை உறை ஆனது. இன்னொரு தடவை தையல் பிரிக்கும்போது கத்தரி நழுவி வயிற்றுக்கு நேராக ஓட்டை. அதன் மேல் ஒரு பாக்கெட் வைத்தேன். பஸ் டிக்கெட் வைக்க அதைவிட வசதியான இடம் இல்லை. பட்டை பட்டையாகப் பிரித்து, மறுபடி தைத்து, மறுபடி பிரித்து, துணி நைந்து போய்த் தூக்கிப் போட்டதும் உண்டு. இத்தனையும் பண்ணிய பிறகு நான் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளப் பழகினேன். இந்தத் தப்பு யாருக்கு இடைஞ்சல்? போட்டுக்கொள்பவனுக்கா, பார்க்கிறவனுக்கா? கை தூக்க முடியவில்லை, உட்கார்ந்தால் இறுக்குகிறது, நடந்தால் தடுக்குகிறது என்றால், எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் உட்கார்ந்து பிரித்துவிட வேண்டும். பார்க்கிறவர் கண்ணுக்கு மட்டும்தான் உறுத்துகிறது என்றால், அது அவர் கண். அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

உன் சுடிதாரை மேஜை மேல் விரித்து வைத்துப் பார்த்தேன். கழுத்து கோணல்தான். மடித்த துணி நழுவியிருக்கிறது, கவனிக்காமல் வெட்டிவிட்டாய். அது பார்க்கிறவர் சமாச்சாரம். அதை நான் தொடவில்லை. அந்த அம்மாவின் கண்ணில் படாத தப்பு ஒன்று இருக்கிறது. இடது கையை வலது பக்கமும் வலது கையை இடது பக்கமும் மாற்றி வைத்துத் தைத்திருக்கிறாய். அன்றைக்குச் சட்னிக் கிண்ணத்தை நீட்டும்போதெல்லாம் நீ தோளைக் குலுக்கிக் குலுக்கி விட்டதன் காரணம் அதுதான். உன்னைப் பிடித்து இழுத்த தப்பைப் பற்றி நீ யாரிடமும் மூச்சு விடவில்லை. அவரைக் கொஞ்சம் உறுத்திய தப்புக்காக ஒரு டெய்லரையே படைத்துவிட்டாய். எனக்குக் கோபம் வந்தது இதற்குத்தான். பொய் சொன்னாய் என்பதுகூட அப்புறம்தான். காலையில் கண்ணாடி முன்னால் நின்ற பெண் தன் கை வேலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். இரண்டு இட்லி பரிமாறுவதற்குள் அவள் எங்கே போனாள்?

போனில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், அந்த அம்மா வாயிலாக உனக்கு வேறு மாதிரி வந்து சேர்ந்திருக்கலாம். முகூர்த்தப் புடவைக்கு ரவிக்கை அளவு கேட்டு அவரே கூப்பிட்டார். "எங்க டெய்லர்கிட்ட குடுத்துடறேங்க. நல்லா தைப்பாரு. உங்க ஊர் ஆளு மாதிரி கெடுக்க மாட்டாரு" என்றார். நம் ஊரில் தைத்துப் பிழைக்கிற அத்தனை பேர் மேலும் விழுந்த பழி அது. அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "ஒரு விஷயங்க. அன்னிக்கு அந்தச் சுடிதாரைத் தச்சது எங்க உமாதான். எந்த டெய்லரும் இல்ல. உங்க முன்னாடி சொல்லக் கூச்சப்பட்டுட்டா" என்றேன். அவர், "அப்படிங்களா? எங்க வீட்ல ஒருத்தருக்கும் பட்டன் கோக்கக்கூடத் தெரியாதுங்க" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "கழுத்து மட்டுந்தான் கோணலாயிடுச்சு போல" என்றார். "ஆமாங்க. அடுத்ததும் கொஞ்சம் கோணலாத்தான் வரும். அவ தச்சுக்கினேதான் இருப்பா" என்றேன். அவர் சிரித்தாரா, தொண்டையைச் செருமினாரா என்று எனக்குத் தெரியவில்லை, லைன் சரியில்லை. ரவிக்கை அளவு மட்டும் நீயே கொடுப்பாய் என்று சொல்லி வைத்துவிட்டேன். உன் அம்மா பக்கத்தில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் எனக்கு இன்னொரு டம்ளர் காபி கொண்டு வந்து கொடுத்தாள்.

அவர்கள் இதற்காகக் கல்யாணத்தை நிறுத்த மாட்டார்கள். நிறுத்தினால் நிறுத்தட்டும். கோணல் கழுத்தைத் தாங்க முடியாத வீட்டில் நீ என்னென்னவெல்லாம் மறைக்க வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பார். சாம்பாரில் உப்பு ஜாஸ்தியானால் இல்லாத சமையல்காரி மேல் போடுவாயா? உன் குழந்தை ஒரு பாடத்தில் தோற்றால் யார் மேல் போடுவாய்? அந்த அம்மாவைப் பற்றி எனக்கு அவ்வளவு பயம் இல்லை. பட்டன் கோக்கத் தெரியாது என்று தானாகவே சொன்ன மனுஷி அவர். பயம் உன்னைப் பற்றித்தான். யாரும் அடிக்காமலே குனிந்துகொள்ளப் பழகிவிடாதே.

சுடிதாரைத் துவைத்து, கை இரண்டையும் பிரித்துவிட்டேன். எது எந்தப் பக்கம் என்று உள்ளே சாக்பீஸில் குறித்திருக்கிறேன். தைக்கவில்லை. அதை நீ தைக்க வேண்டும். நாளைக்குக் கூரியரில் வரும். கோபம் தீர்ந்த பிறகு தைத்தாலும் சரி, கோபத்தோடு தைத்தாலும் சரி. கோபத்தில் தைத்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

உனக்குச் சீராக ஒரு புது மெஷின் வாங்கித் தருவது என்று நானும் உன் அம்மாவும் பேசியிருக்கிறோம். அதை அந்த வீட்டில் எங்கே வைப்பது என்று இப்போதே மாப்பிள்ளையிடம் கேட்டு வை. ஜன்னலோரமாகக் கூடத்தில் வேண்டும் என்று கேள். வருகிறவர் போகிறவர் பார்க்கட்டும், நீ பிரிப்பதையும் பார்க்கட்டும். பூ ஜாடி வைக்க மட்டும் யாரையும் விடாதே. இங்கே இருக்கிற என் மெஷினைத்தான் எடுத்துக்கொண்டு போவேன் என்று அடம் பிடிக்கலாம் என்று நினைத்திருந்தால், அந்த நினைப்பை விட்டுவிடு. அதைத் தர மாட்டேன். அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகிறேன், கை நிறைய நேரம் இருக்கும். நான் இன்னும் எவ்வளவோ தப்பு பண்ண வேண்டியிருக்கிறது.

உன் அப்பா